ஸ்கிப் பலகைக்கு எந்த மெழுகு

பிள்ளைகளே, போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இரண்டு பேரும் என்னை வைத்து நன்றாகச் சிரித்தீர்கள். அப்பா நெட்டில் எதைத் தேடினாலும் முதலில் வணக்கம் சொல்லித்தான் தொடங்குவார் என்று அக்கா சொன்னாள். தம்பி நம்பவில்லை. என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தீர்கள். அதில் அன்றைக்குக் காலையில் நான் எழுதியது அப்படியே கிடந்தது: "வணக்கம். எங்கள் வீடு ஓஸ்லோவில், புருசெத்தில் மூன்றாம் மாடி. கோடை வந்தால் குளியலறைக் கதவு இறுகுகிறது, குளிரில் சரியாகிவிடுகிறது. மனைவி ஏசுகிறார். என்ன செய்யலாம்? நன்றி."

"அப்பா, அது ஆள் இல்லை" என்று தம்பி சொன்னான்.

"ஆள் இல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா ஆளைப்போலத்தானே பதில் சொல்லுது."

"அம்மா ஏசுறதை ஏன் அதுக்குச் சொல்லுறியள்?" என்று அக்கா கேட்டாள்.

"எவ்வளவு அவசரம் எண்டு அதுக்கு விளங்க வேண்டாமே?"

சிரித்தது பரவாயில்லை. ஆனால் நானும் ஒரு முறை வணக்கம் இல்லாமல், நன்றி இல்லாமல், உங்களைப் போல இரண்டு மூன்று சொல்லில் கேட்டிருக்கிறேன். அதன் பலனை அனுபவித்தது அக்கா. அவளுக்கு நினைவிருக்கும். தம்பிக்கு இருக்காது. அவன் அப்போது பார்னஹாகேயில், அதுதான் இங்கத்தைப் பாலர் பள்ளியில், மணல் அளைந்து திரிந்த வயது. அவனுக்காகவே இதை எழுதுகிறேன். அக்காவும் வாசிக்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம்.

முதலில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் தேடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். அம்மா தேடுவதே இல்லை. தொலைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் இருக்கிற குழுவில் கேள்வியைப் பேசி அனுப்புவார். சோறு வடிப்பதற்குள் பத்துப் பதில் வந்துவிடும். அதில் ஒன்று கேட்டதற்குப் பதில். மற்றது எல்லாம் இனிமேல் கேட்கப்போவதற்குப் பதில். அக்கா இரண்டு சொல் தட்டுவாள், பிறகு பெருவிரலால் பக்கத்தைக் கீழே கீழே தள்ளி, அடியில் யார் யாரோ சண்டை பிடிப்பது வரைக்கும் வாசிப்பாள். தம்பி எதையும் வாசிப்பதில்லை. யாராவது செய்து காட்ட வேண்டும் அவனுக்கு.

நான் பெரிய எழுத்தை வாசிப்பேன். பக்கத்தின் உச்சியில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் தடித்த எழுத்தில் ஒரு வசனம் வருமே, அதுதான் எனக்கு. ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. நோர்வேஜிய மொழியை இங்கே மாலை வகுப்பில் வேலைச் சட்டையோடு இருந்து படித்தேன். கதைப்பேன், விளங்கும். ஆனால் நீளமான பக்கம் என்றால் எனக்கு மூச்சு வாங்கும். அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவன் என்னைப் போன்றவனை மனதில் வைத்துத்தான் செய்திருப்பான் என்று நினைத்திருந்தேன்.

தமிழில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கிறேன். தமிழில் கேட்டால் வெயில் நாட்டிலிருந்து பதில் வரும். ஒரு பனிக்காலத்தில், காலையில் கார் இயங்க மறுக்கிறது, என்ன செய்வது என்று தமிழில் கேட்டேன். வாகனத்தை மர நிழலில் நிறுத்தவும் என்று வந்தது. கால் வெடிப்புக்குக் கேட்டேன். வெறுங்காலுடன் வெயிலில் நடப்பதைத் தவிர்க்கவும் என்றது. பிழை சொல்ல முடியாது. அந்த ஊருக்கு அது சரி. ஓஸ்லோவில் தை மாதம் வெறுங்காலுடன் வெளியே போகிறவனுக்குக் கால் வெடிப்பு முதல் பிரச்சினை இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வகுப்பு முழுக்க, காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் வழுக்கிக்கொண்டு, ஸ்கி போகிறார்கள். காட்டுக்குள் ஒரு குடில் வரைக்கும் போய், அங்கே நெருப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டுச் சாப்பிட்டுத் திரும்புவார்கள். அக்காவுக்கு இது இரண்டாம் முறை. முதல் வருடம் அவள் இரவல் பலகையோடு போய், வழி முழுக்க எல்லாருக்கும் பின்னால் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறைக்கான செய்தி வந்த அன்றுதான் வாய் திறந்தாள்.

"அப்பா, இந்த முறை நான் பின்னால போகமாட்டன். பின்னால போறதெண்டால் எனக்கு வயித்துக்குத்து."

"இப்ப குத்துதோ?"

"அண்டைக்குக் குத்தும்."

எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே ஸ்கி பழகுகிறார்கள். தகப்பன் முன்னால் போவான், பிள்ளை பின்னால் போகும். எங்கள் பிள்ளைக்கு முன்னால் போக என்னால் முடியாது. நான் பனியில் சப்பாத்தோடு நடந்தாலே விழுகிற ஆள். ஆகவே நல்ல பலகையாவது வாங்கிக் கொடுப்போம் என்று, பழைய சாமான் விற்கிற பக்கத்தில் தேடி, ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு வீட்டில் ஒரு சோடி பிடித்தேன். விற்றவர் நல்ல மனிதர். பலகையோடு ஒரு சின்னப் பெட்டியும் சும்மா தந்தார். அதற்குள் பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று சின்னச் சின்ன மெழுகு டப்பாக்கள். பலகையைத் தலைகீழாகப் பிடித்து, பெருவிரலால் நடுவில் அமுக்கி அமுக்கி, விரைவாக ஏதோ விளங்கப்படுத்தினார். நான் "யா, யா" என்று தலையாட்டினேன். சப்பாத்து எந்த இடத்தில் பொருந்தும் என்று காட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஸ்கிக்கு முதல் நாள் பின்னேரம் வரைக்கும் அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு இருந்தேன். குளிருக்கு ஏற்ற மாதிரி நிறம் மாறும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். நாளைக்கு எந்த நிறம்? முதலில் தமிழில் கேட்டேன். வீட்டிலேயே மெழுகுதிரி செய்வது எப்படி என்று வந்தது. தரைக்கு மெழுகு போடுவது வந்தது. நிறையத் தள்ளிய பிறகு ஒரு கேள்வி பதில் பக்கம் வந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு தமிழர் எழுதியிருந்தார்: "நோர்வேக்குப் புதியவன். பிள்ளையின் ஸ்கிப் பலகைக்கு எந்த மெழுகு பூச வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லவும்." ஒரு கணம் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. அதன் கீழே "பதில்கள் இல்லை" என்று போட்டிருந்தது.

அந்த நேரம் கீழ் வீட்டுத் தம்பி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை. அவர் மனைவி அம்மாவிடம் வாங்கிப் போன இடியப்ப உரலைத் திருப்பித் தர வந்தவர், நான் நோர்வேஜிய மொழியில் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார். நான் அதற்குள் "வணக்கம், என் மகள் நாளைக்குப் பள்ளிக்கூடத்தோடு" வரைக்கும் வந்திருந்தேன்.

"ஏனுங்கண்ணா, லெட்டரா எழுதறீங்க?"

"இல்லை தம்பி, தேடுறன்."

"இவ்ளோ எல்லாம் வேண்டாங்ணா. ரெண்டு வார்த்தை போடுங்க. மெழுகு, அப்புறம் நாளைக்கு எத்தனை டிகிரியோ அது. அவ்ளோதான். மேல வர்றத மட்டும் பாருங்க. கீழ யாரும் போறதில்ல."

"நீர் ஸ்கி போறனீரோ?"

"ஒரு தடவை ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனாங்ணா. அதோட சரி. இடுப்பு இன்னும் பேசுது."

நாளைய வானிலையைப் பார்த்து, அவர் சொன்னபடியே போட்டேன். மெழுகு, பூச்சியம், புதுப்பனி. கண் மூடித் திறக்க முன்னர் பெட்டி வந்துவிட்டது. பூச்சியத்தை ஒட்டிய குளிரில் புதுப்பனிக்குச் சிவப்பு மெழுகு. தடித்த எழுத்து. வானிலை சொன்ன அதே குளிர், அதே பனி. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருடம் கதை எழுதி நேரத்தை வீணாக்கினேனே என்று நினைத்தேன்.

அக்கா வாயில் பல்துலக்கியோடு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள். "அப்பா, கீழயும் வாசியுங்கோ."

"வாசிச்சிட்டன். நீ போய்ப் படு. நாளைக்கு நீதான் முன்னுக்கு."

பிறகு வேலையைத் தொடங்கினேன். பூசுவது என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பூச்சு ஒன்றுதானே. சனிக்கிழமை முழுக்கு எண்ணெய் வைப்பது போல, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும். கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. பலகையின் நுனியிலிருந்து வால் வரைக்கும் சிவப்பு மெழுகை இழுத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, காய்ந்த இடம் தெரிந்தால் இன்னொரு கை வைத்தேன். டப்பா முடிந்தது. இரண்டு பலகையும் நன்றாக எண்ணெய் குடித்த தலை மாதிரி மினுங்கின.

எழும்பப் பார்த்தபோது கீழே விரித்திருந்த பத்திரிகை என்னோடு எழும்பியது. அதைக் கழற்றப் போன மற்றக் கையும் ஒட்டிக்கொண்டது. கதவுப் பிடியைப் பிடித்தேன், விட முடியவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, ஸ்கிக்குப் பூசினனீங்களோ, பலாப்பழம் வெட்டினனீங்களோ?"

"கெதியா எதையாவது தாரும். சவர்க்காரத்துக்குப் போகுதில்லை."

"பலாப்பால் சவர்க்காரத்துக்குப் போகுமே? கையை நீட்டுங்கோ." தேங்காயெண்ணெயை ஊற்றித் தேய்த்தார். நாலு தேய்ப்பில் கை கழன்றது. அவர் யாரிடமும் தேடவில்லை, குழுவிலும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானத்துக்குள் இந்தக் கதை குழு முழுக்கப் போய்விட்டது, அது வேறு.

மறுநாள் விடிய நான் பேக்கரி வேலைக்குப் போய்விட்டேன். பாண் தட்டுகளை வண்டியில் ஏற்றும்போது வெளியே பனி கொட்டியது. பெரிய பெரிய ஈரப் பனி. பெட்டி சொன்ன அதே பனி. கூட வேலை செய்கிறவன் வானத்தைப் பார்த்துத் திட்டினான். நான் சிவப்பு மெழுகை நினைத்துச் சந்தோசமாக இருந்தேன். அங்கே காட்டுக்குள் என் பிள்ளை முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு படம் ஓடியது.

பின்னேரம் படிக்கட்டில் பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். அக்கா முகம் சிவந்து, தொப்பி ஒரு பக்கம் சரிந்து நின்றாள். பலகையைச் சுவரில் சாய்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. சப்பாத்தைக் கழற்றி, ஈரக் காலுறையைக் கழற்றி, குசினிக் கதிரையில் ஏறி இருந்த பிறகுதான் கேட்டேன்.

"என்ன பிள்ளை, பின்னால போனியோ?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அப்பா, நான் வளர்ந்திட்டன்."

"என்னது?"

"காலுக்குக் கீழ பனி வந்து ஒட்டத் தொடங்கிட்டுது. புட்டு மாவு உருட்டினமாதிரி, உருண்டை உருண்டையா. அடி வைக்க வைக்க நான் உயர்ந்துகொண்டு போறன். என்ர சிநேகிதி சொல்லுறாள், நீ ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தனியோ எண்டு. நான் தட்டி விடுறன், பிறகும் ஒட்டுது. எல்லாரும் போயிட்டினம். நானும் டீச்சரும்தான் பின்னால."

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றார்.

"பிறகு?"

"பிறகு ஒரு மேடு வந்தது, சரியான செங்குத்து. எல்லாரும் ஏறுகினம், வழுக்குகினம், ஒருத்தருக்கு மேல ஒருத்தர் விழுந்து கிடக்கினம். நான் பல்லி மாதிரி நேர ஏறிட்டன். நிண்ட இடத்தில நிப்பன், அப்பா. வழுக்கிறதுக்கு இடமே இல்லை. மேல போய் ஆரையும் காணேல்லை. தனிய நிண்டு எல்லாருக்கும் கை காட்டினன்."

"அப்ப முன்னுக்குத்தானே?" என்று அம்மா கேட்டார்.

"மேட்டில மட்டும். மற்றப் பக்கம் இறங்க வேணும் அம்மா. எல்லாரும் விர் எண்டு போகினம். நான் நிக்கிறன். டீச்சர் முதுகில தள்ளினவ. அப்பவும் போகேல்லை."

குடிலில் ஆசிரியை பலகையைத் திருப்பிப் பார்த்தாராம். யார் பூசியது என்று கேட்டாராம். அப்பா என்றாளாம். ஆசிரியை பெரிதாகச் சிரித்து, "அப்பாவுக்கு உன்னில சரியான விருப்பம் போல, உன்னை ஒரு இடத்துக்கும் போக விடாமல் பூசியிருக்கிறார்" என்று சொல்லி, தொத்திறைச்சி வேகிற நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் தகட்டால் நுனியிலும் வாலிலும் இருந்த மெழுகை எல்லாம் சுரண்டி எடுத்தாராம். நடுவில் இருந்ததை மட்டும் மெல்லியதாக விட்டாராம்.

"வரேக்க?"

"வரேக்க நடுவில வந்தன். எனக்குப் பின்னால கனபேர்." அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். முதல் வருடம் வந்த முகம் இல்லை அது. "அடுத்த முறை இறக்கத்திலயும் போவன்" என்றாள்.

பிறகு என் தொலைபேசியை எடுத்து, முதல் நாள் நான் பார்த்த பக்கத்தையே திறந்தாள். பெட்டியைப் பெருவிரலால் மேலே தள்ளிவிட்டாள். அதற்குக் கீழேயே இருந்தது. ஒரு பலகையின் படம்கூடப் போட்டிருந்தார்கள். மெழுகைக் காலடிக்குக் கீழ், நடுப்பகுதியில் மட்டும், மெல்லியதாகப் பூச வேண்டும். அது மேடு ஏறும்போது பனியைப் பிடிக்கிற மெழுகு, மற்ற இடமெல்லாம் வழுக்க வேண்டும்.

"இவ்வளவு முக்கியமானதை ஏன் கீழ போட்டிருக்கிறாங்கள்?" என்றேன்.

"நீங்கள் எது எண்டுதானே கேட்டியள். எங்க பூசுறது எண்டு கேக்கேல்லையே."

அப்போதுதான் ஹவுகன்ஸ்டுவா மனிதரின் பெருவிரல் என் கண்ணில் வந்தது. நடுவில் அமுக்கி அமுக்கிக் காட்டினாரே. நான் கேட்காததையும் சேர்த்து அவர் சொல்லியிருக்கிறார். ஆளிடம் கேட்டால் அதுதான் வித்தியாசம். எனக்கு என்ன தெரியாது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. பெட்டிக்கு அது தெரியாது. கேட்டதற்குச் சரியான பதில் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. அதைக் குறை சொல்லவும் முடியாது. யா, யா என்று தலையாட்டியதும் நான்தான்.

அன்று பின்னேரம் கீழ் வீட்டுத் தம்பி கதை கேட்டு மேலே வந்தார்.

"அண்ணா, என்னால தானா?"

"இல்லை தம்பி. சிவப்பு சரிதான்."

"அப்ப லெட்டரே எழுதியிருக்கலாமோ என்னவோ" என்றார். அம்மா அவருக்கும் புட்டு வைத்தார். பிறகு குசினித் தரையில் பத்திரிகை விரித்து, பலகை இரண்டையும் கிடத்தி, மீதி மெழுகைத் தேங்காயெண்ணெய் போட்டே துடைத்தோம். கைக்குப் போனது பலகைக்கும் போனது. கடைசியில் காய்ந்த துணியால் எண்ணெய் மினுக்கம் போகும் வரைக்கும் துடைத்தோம். தம்பி, சின்னவனான நீ அந்த வாசத்துக்கு வந்து, யாருக்குத் தலை முழுக்கு என்று கேட்டாய். உனக்கு அதுவும் நினைவிருக்காது.

இவ்வளவுதான் நடந்தது. இப்போது நான் பெட்டியை வாசித்துவிட்டுக் கீழேயும் போகிறேன், மெதுவாக என்றாலும். அடியில் சண்டை பிடிக்கிறவர்கள் வரைக்கும் போவதில்லை. அதை அக்காவுக்கு விட்டிருக்கிறேன். வணக்கம் சொல்வதை விடவில்லை. கதையைச் சொல்லித் தேடினால் பதில் நன்றாக வருகிறதா என்று கேட்டால், நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் கதையை எழுதும்போது எனக்கே என்ன வேண்டும் என்று தெளிவாகிறது. இரண்டு சொல்லில் அது தெளிவாவதில்லை. உங்களுக்குத் தெளிவாகலாம். நீங்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அக்காவுக்கும் தெரியாது.

அந்தக் கிழமை சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டீர்கள். வீட்டில் நான் மட்டும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தேன். அந்தத் தமிழர் கேட்ட கேள்வி இருந்த பக்கத்தைத் திரும்பத் தேடினேன். கிடைக்க நேரம் எடுத்தது. மெழுகுதிரிகளையும் தரை மெழுகையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பதில்கள் இல்லை என்று இன்னும் அப்படியே இருந்தது. அவருடைய பிள்ளை இதற்குள் வளர்ந்துவிட்டிருக்கலாம். இருந்தாலும் எழுதினேன், ஒற்றை விரலால், தமிழில். வணக்கம் ஐயா என்று தொடங்கினேன். எந்தக் குளிருக்கு எந்த நிறம் என்று எழுதினேன். காலடிக்குக் கீழ், நடுவில் மட்டும், மெல்லியதாக என்று எழுதினேன். முழுக்குப் போல் பூச வேண்டாம், பூசினால் என்ன நடக்கும் என்றும் எழுதினேன். கையில் ஒட்டினால் சவர்க்காரத்துக்குப் போகாது, பலாப்பாலுக்குச் செய்வது போல் தேங்காயெண்ணெய் போடவும். நன்றி.

அனுப்பினேன். பக்கம் ஒருமுறை வெள்ளையாகி, திரும்பி வந்தது. மேலே என் பதிலைக் காணவில்லை. பெருவிரலை வைத்துக் கீழே தள்ளினேன். அடியில் கிடந்தது. தேத்தண்ணியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வணக்கத்திலிருந்து நன்றி வரைக்கும் முழுவதையும் ஒருமுறை வாசித்தேன்.